சேற்று வண்டியும் சும்மா கிடைத்த வயலும்

சும்மா கொடுக்கிறவனை நம்பவே கூடாது என்பது மசூதின் கொள்கை. அதனால்தான் பிச்சைமணி அண்ணாச்சி, "நம்ம வயல்ல வந்து ஓட்டுங்க பாய்" என்றதும் இதில் என்ன சூது இருக்கும் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஷார்ஜாவில் இருபது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு சொந்த ஊரான வடகரைக்குத் திரும்பியவர் மசூது. வெள்ளிக்கிழமைதோறும் அரபிகள் மணல்மேட்டில் வண்டியைப் பறக்கவிடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர். இங்கே மணலுக்கு எங்கே போக? சேறுதான் கிடைக்கும். வீட்டில் நின்ற பழைய அம்பாசடரின் கதவுகளைக் கழற்றினார், கூரையை அறுத்தார், இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டினார், பின்னால் டிராக்டர் டயர் மாட்டினார். காரில் கார் என்று மிச்சமிருந்தது ஸ்டியரிங்கும் எஞ்சினும்தான்.

முதல் ஓட்டத்திலேயே வினை. பழைய குற்றாலம் போகிற ரோட்டோரப் பள்ளத்தில் பாய்ந்தார். அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் மொத்தமும் மறுபடி குளிக்கப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் வீடு தேடி வந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். மனைவி நூர்நிஷா சத்தமே போடவில்லை.

"இன்னொருக்க எவனாவது புகார்னு வாசலுக்கு வந்தான்னா, பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

ஆகவே, புகார் வராத சேறு வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பிச்சைமணி வந்தார். ஒன்றரை ஏக்கர், தண்ணீர் கட்டிய வயல், சல்லிக்காசு வேண்டாம் என்றார்.

மசூது ஜவுளிக்கடைக் குடும்பம். பிறந்ததிலிருந்து வயலில் கால் வைத்ததில்லை. ஆனாலும் சூதுவாது தெரியாதவரா? ஓட்டவிட்டு, பிறகு வயலை நாசம் பண்ணிவிட்டான் என்று பஞ்சாயத்தைக் கூட்டி வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்வாரோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டார். ஆசை யாரை விட்டது? விடிந்ததும் சாரலில் நனைந்துகொண்டே வண்டியை இறக்கிவிட்டார்.

பத்தடி போவதற்குள் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. பிச்சைமணி எங்கிருந்தோ இரண்டு இரும்புக் கூண்டுச் சக்கரங்களை உருட்டிவந்து டயருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வேறு. மசூதின் சந்தேகம் இரண்டு மடங்கானது.

இப்போது வண்டி பாய்ந்தது. மசூது திரும்பிப் பார்த்தார். நடுவயலில் இரண்டு ஆழமான தடம். சாட்சி என்றால் இதுதானே சாட்சி? தடத்தை அழிக்க அதன் மேலேயே குறுக்கே ஓட்டினார். நாலு தடம் ஆயிற்று. ஒரு இடம் மட்டும் கலங்கியிருந்தால்தானே கண்ணில் படும் என்று வயல் முழுக்க ஓட்டினார்.

பிச்சைமணி வரப்பில் குத்தவைத்துக்கொண்டு, "அந்தக் கன்னிமூலைய விட்டுட்டீயளே பாய்" என்று கையைக் காட்டினார். பார்த்தீர்களா, கணக்கெடுக்கிறான் மனுஷன், என்று கன்னிமூலையையும் கலக்கினார் மசூது.

அப்படியும் மேடுபள்ளம் தெரிந்தது. வரப்போரம் நீளமாக ஒரு பலகை கிடந்தது. அதைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்தார். நாலு சுற்றில் வயல் கண்ணாடியாகிவிட்டது. ஒரு தடயம் இல்லை. என்னிடமா உங்கள் வேலை என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினார்.

"நல்லாப் பாத்துக்கிடும் அண்ணாச்சி. ஒரு கோடு கிடையாது."

"கிடையவே கிடையாது" என்றார் பிச்சைமணி, மனசு குளிர்ந்து.

வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் நாற்றுக்கட்டோடு வந்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு நேரே வயலில் இறங்கி நட ஆரம்பித்துவிட்டார்கள். மசூதுக்கு அப்போதுதான் உறைத்தது. கார் பருவ நெல் நடவு நேரத்தில் உழ டிராக்டர் கிடைக்காமல் ஊரே அலைகிறது. அவர் சேற்றில் விளையாடவில்லை, நாற்று நட வயலைச் சேறாக்கித் தொழி உழுதிருக்கிறார்.

அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. "ஏமாத்திட்டீரே அண்ணாச்சி. இத எங்க வீட்டுக்காரிட்ட சொன்னா, ஒம்ம வாசல்ல வந்து நின்னு ஒரு வழி பண்ணிருவா, பாத்துக்கிடும்."

நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, இராமலட்சுமி, இடுப்பை நிமிர்த்தினாள்.

"நூர்நிஷா அக்காதான பாய் அண்ணாச்சிய ஒங்ககிட்ட அனுப்புனதே. எங்க வயலுக்குப் புதன்கிழமைன்னு நாள் குடுத்திருக்காவ, அதுக்குள்ள வண்டிய ஒடச்சிராதீய."