ஆப்பிள் மரத்துக்கு ஒரு நோட்டு

இந்த மரத்தை வெட்டாமல் ஓய்வதில்லை என்று லோவெல் சபதம் எடுத்தது டிசம்பரில். செபாஸ்டபோல் ஊரில் அவன் வீட்டுப் பின்பக்கம் நின்ற ஆப்பிள் மரம், பொந்து விழுந்த கிழம். அந்த வருஷம் ஒரு காய்கூட வைக்கவில்லை. அங்கே கொட்டகை போட்டால், மச்சான் வீட்டில் மழையில் நனைகிற அவன் படகு கௌரவமாக வீடு வந்து சேரும். அவன் உயிரே அந்தப் படகில்தான் இருந்தது.

குறுக்கே நின்றவள் மனைவி கோரின். அவளுக்குச் சாமியும் கிடையாது, ஆவியும் கிடையாது. இந்த மண்ணும் மழையும்தான் எல்லாம். பருவங்கள் மாறுவதை ஒட்டி வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. எட்டுக்கும் அந்த மரத்தடியில் போய் நிற்பாள்.

"சாமியே இல்லைங்கிறே. அப்புறம் மரத்தை ஏன் கும்பிடுறே?"

"கும்பிடலை. நன்றி சொல்றேன்."

"அதுக்குக் காது இருக்கா?"

"இல்லை. எனக்கு வாய் இருக்கு."

அந்த வாயோடு மோதி ஜெயித்தவன் ஊரில் இல்லை. அதனால் அவள் கொள்கையை வைத்தே அவளை மடக்கப் பார்த்தான் லோவெல்.

"ஆதாரம் இல்லாம எதையும் நம்பக்கூடாது, அதானே உங்க வழி? காய் இல்லை, இலை இல்லை. மரம் செத்துப்போச்சு."

"டிசம்பர்ல எந்த ஆப்பிள் மரத்துல இலை இருக்கு? ஒரு நாள் பார்த்தா ஆதாரமா? மே வரைக்கும் நாலு பண்டிகை வருது. ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம் அடியில உட்காரு. கண்டதை மட்டும் எழுது. கடைசியிலயும் செத்துப்போச்சுன்னு சொன்னியானா, நானே ஆள் வச்சு வெட்டிடறேன்."

சொன்னால் சொன்னதுதான், அவள் வாக்கு மாறமாட்டாள். லோவெல் அன்றே கொட்டகைக்கு அளவெடுத்துவிட்டான்.

டிசம்பர் பண்டிகையில் நோட்டில் எழுதினான்: "செத்துப்போச்சு."

பிப்ரவரியில்: "செத்துப்போச்சு. ஒரு நீலக்குருவி பொந்தை எட்டிப் பார்த்தது."

மார்ச்சில் ஒரு பக்கம் போதவில்லை. "கிழக்குக் கிளையில் மூணு மொட்டு. குருவி புல் கொண்டுவருது. பெண்டாட்டிக்காரி உள்ளே இருந்து அதட்டுறா, அவன் மறுபடி புல்லுக்குப் போறான். பாவம்."

அப்புறம் பண்டிகைக்குக் காத்திருக்கவில்லை, தினமும் காலைக் காப்பி மரத்தடியில்தான்.

மே பண்டிகையன்று மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்து நின்றார். கோரின்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"லோவெல், சொல்லு. வெட்டலாமா?"

லோவெல் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டான். "மெதுவாப் பேசு. உள்ள அஞ்சு குஞ்சு இருக்கு."

"செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியே."

"அது தப்பு. பார்க்காம எழுதினது."

"தப்புன்னு ஒத்துக்கிட்டே பாரு, எங்க வழியில அதுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி."

"படகு?"

"உன் மச்சான் வீட்டிலேயே நனையட்டும்."

ஒரு நோட்டில் ஏதோ எழுதி வைத்துவிட்டு, வந்தவருக்குக் காப்பி கொடுக்க அவள் உள்ளே போனாள். மரத்தடி மேஜையில் அந்த நோட்டு கிடந்தது. மரத்தைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று லோவெல் ஆசையாகப் பிரித்தான். முதல் பக்கத்தில் தலைப்பு: "லோவெல்."

டிசம்பர்: உட்கார்ந்தான். முறைத்தான். அசைவில்லை.

பிப்ரவரி: குருவியைப் பார்த்து வாயைத் திறந்தான்.

மார்ச்: மொட்டு தெரிகிறது.

மே: உயிர் இருக்கிறது. வெட்ட வேண்டாம்.