விடைபெறுதல் எங்கே முடிகிறது என்பது குறித்து

டுலூத்,
முதல் பனி விழுந்த மறுவாரம்.

அன்பும் மதிப்பும் மிகுந்த வெர்னா அக்கா அவர்களுக்கு, தம்பி ரோலண்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. அரிசோனா வெயிலில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கிறீர்கள் என்று திட்டமாகச் சொல்ல என்னிடம் நேரடிச் சான்று ஏதும் இல்லை. இங்கே நான் நலம்.

பெரியப்பா மகன் கார்டி தொலைபேசியில் உங்களிடம் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த செய்தி, அதாவது ஒரு நர்ஸ் என்னைக் காரிலிருந்து பள்ளத்தில் தள்ளிவிட்டார், நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், வேலையும் போய்விட்டது என்பது, முக்கியமான இடங்களில் எல்லாம் பிழையானது. என்னை யாரும் தள்ளவில்லை. பள்ளம் இல்லை, சமதரை. வேலை, இந்த வரியை எழுதும் நேரம்வரை, இருக்கிறது. ஆஸ்பத்திரி மட்டும் உண்மை, அதுவும் ஒரே ஒரு இரவு. கார்டி எதையும் கண்ணால் பார்த்தவன் அல்லன். முடிவெட்டும் கடையில் கேட்டவன். ஆகவே நடந்ததை நானே கண்டபடி வரிசையாகத் தெரிவிப்பது அவசியமாகிறது.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டிருந்த வக்கீலாகிய என்னை, சென்ற வசந்தத்தில், தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்தின் நர்ஸ்களுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பொறுப்பு யாருக்கு என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் அவரவர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும், கீழே விழுந்த பேனாவை எடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தினேன். வேலையில் அடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நர்ஸ் பொறுப்பு. அவர் வீடு தேடிப் போவார், டாக்டரிடம் கூடவே போவார், ஆள் எப்போது வேலைக்குத் திரும்பலாம், திரும்பினால் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று அறிக்கை எழுதுவார். அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரிலும் மூத்தவர் மார்லிஸ். நான் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த ஊர் ஆண்களுக்குத் தையல் போட்டவர். என்னை முதல் நாளே "வக்கீல் சாரு" என்று கூப்பிட்டார். அது மரியாதையா என்று இன்றுவரை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை.

பொறுப்பேற்றவுடன் நான் கவனித்தது, ஒரு சிறிய வீட்டுச் சந்திப்புக்கு அரை நாள் போய்விடுகிறது என்பதை. காரணத்தை விசாரித்தேன். விடைபெறுதல். வெயில் ஊருக்குப் போய்விட்டாலும் உங்களுக்கு மறந்திருக்காது, நம் ஊரில் ஒருவர் தொடையைத் தட்டி "சரி, அப்போ..." என்றால் இன்னொரு சுற்றுக் காப்பி என்று பொருள். அதன்பிறகு எழுந்து நின்று ஒரு பேச்சு, பூட்ஸ் மாட்டிக்கொண்டே ஒரு பேச்சு, படியில் ஒரு பேச்சு, கடைசியாகக் கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு நீண்ட பேச்சு. நர்ஸ்கள் அறிக்கை எழுதுவதோ பெரும்பாலும் அந்தக் கடைசிப் பேச்சிலிருந்து. சட்டம் படித்தவனுக்கு இது உறுத்தியது. விடைபெற்றுவிட்டோம் என்று நம்பி ஒருவன் மனம்விட்டுச் சொல்வதை எடுத்து அவனுடைய அறிக்கையில் போடுவது நியாயமா? ஆகவே நான்காம் விதியை எழுதினேன்: நர்ஸ் முதன்முறை விடைபெறும் சொல்லைச் சொன்னவுடன் சந்திப்பு முடிவடைந்ததாகக் கருதப்படும், அதன்பின் பேசப்படும் எதுவும் அறிக்கையில் இடம்பெறாது. ஐந்தாம் விதியில் வீட்டாரிடம் தின்பண்டம் வாங்கித் தின்பதையும் தடுத்தேன். இப்போதும் சொல்கிறேன் அக்கா, படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் மாவட்டத்தில் ஒருவருக்கும் வலி இல்லை. வந்த அறிக்கைகளில் எல்லாம் "பரவாயில்லை", "குறை சொல்ல ஒன்றுமில்லை", "இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்." எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். மாவட்ட ஆணையர்கள் கூட்டத்தில் நான் படம் போட்டு விளக்கியபோது அவர்கள் தலையசைத்தார்கள்; நம் ஊரில் அது எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம். அதன்பிறகு சில நிகழ்ச்சிகள் நடந்தன, அவற்றை நான் தற்செயல் என்றே கருதினேன். மணிக்கட்டு குணமான பள்ளிச் சமையல்காரி ஒருவர், உருளைக்கிழங்கும் கறியும் கொதித்துக்கொண்டிருந்த ஹாட்டிஷ் தட்டை அப்படியே கல்வி அதிகாரியின் காலணியில் இறக்கினார். தலைசுற்றல் நின்றுபோன பெயின்டர் ஒருவர் பூங்கா பெஞ்சுக்குப் பச்சை அடிக்கும்போது அதில் உட்கார்ந்திருந்தவருடைய முழங்காலையும் சேர்த்து அடித்தார். முதுகு தேறிவிட்ட நூலக ஊழியர் அடித்தட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுக்கக் குனிந்தார், அந்த நிலையிலேயே நின்றுவிட்டார், அவரைப் புத்தக வேனில் ஏற்றி அதே வடிவத்தில் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

இந்த நிலையில்தான் ஐனார் லாத்தியின் காகிதம் என் மேசைக்கு வந்தது. பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். வசந்தத்தில் லாரிப் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது தோள் போனது. முதல் பனி வரப்போகிறது, ஓட்டுகிறவர்கள் குறைவு, சாலைத் துறைத் தலைவர் ரஸ் ஹாக்லுண்ட் தினமும் எனக்குப் போன் செய்கிறார், டாக்டர் சரி என்றுவிட்டார், ஐனாரும் சரி என்கிறார். அவருடைய பாதை எது என்று உங்களுக்குத் தெரியும்: ஏரியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் அந்த மலைத்தெரு, அடியில் பள்ளிக்கூடம், பஸ்கள் திரும்புமிடம். மார்லிஸின் கையெழுத்தும் என்னுடையதும்தான் பாக்கி. மார்லிஸ் காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

"இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது."

காரணம் கேட்டேன்.

"காரணம் எனக்குத் தெரியாது. நாலாவது விதி."

தெரிந்ததைச் சொல்லுங்கள் போதும் என்றேன்.

"தெரிஞ்சது அதுலயே எழுதியிருக்கே, பரவாயில்லயாம். தெரியாதது கொஞ்சம் இருக்கு. அத நீங்களே நேர்ல வந்து தெரியாம இருந்துக்கங்க, வக்கீல் சாரு."

மேற்பார்வையாளர் ஒரு சந்திப்புக்கு உடன்செல்லலாம் என்று விதியில் இடம் இருந்ததால், போனேன். ஐனாரின் மனைவி ஜாய்ஸ் எலுமிச்சைக் கேக்கை வெட்டி வைத்திருந்தார். முதல் முறை வேண்டாம் என்றேன், இரண்டாம் முறையும் வேண்டாம் என்றேன்; இரண்டு மறுப்புவரை நம் ஊர் முறைதான், மூன்றாவதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறையும், ஐந்தாம் விதியை முன்னிட்டு, வேண்டாம் என்றேன். அக்கா, அந்தச் சமையலறையில் சாவு விழுந்தது போல் ஆகிவிட்டது. ஜாய்ஸ் தட்டை எடுத்துப் போய் மூடிவைத்தார். மார்லிஸ் கூரையைப் பார்த்தார். நான் கேள்விகளைக் கேட்டேன். தோள் எப்படி? பரவாயில்லை. தூக்கம்? தூங்குகிறார். வலி பத்துக்கு எவ்வளவு? ஐனார் வெகுநேரம் யோசித்து, ரெண்டு இருக்கும், ஊர்ல எவ்வளவு பேருக்கு எவ்வளவு கஷ்டம் என்றார். கையை உயர்த்தச் சொன்னேன். காப்பிக் கோப்பையைத் தாடைவரை உயர்த்தினார். திருப்தியுடன் எழுதிக்கொண்டு, எழுந்து, நன்றி கூறி விடைபெற்றேன். சந்திப்பு முடிந்தது. பேனாவை மூடினேன்.

பூட்ஸ் மாட்டும்போது ஜாய்ஸ், யாரிடமோ சொல்வது போல், இவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது நான்தான் என்றார். படியில் ஐனார், கை சில நேரம் மரத்துப்போகும், அது வயசு என்றார். நான் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஐனார் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஏரியைப் பற்றி ஒரு வாக்கியம், காற்றைப் பற்றி ஒரு வாக்கியம், பிறகு, எங்கோ பார்த்தபடி, சொன்னார்.

"போன வாரம் என் பிக்கப்பு வண்டியில பனி தள்ளற தகட்ட மாட்டி ஓட்டிப் பாத்தேன். லீவர்ல கை இருந்துச்சு. இருக்கறது எனக்குத் தெரியல. என் தபால்பெட்டி போச்சு. மச்சான் தபால்பெட்டியும் போச்சு. அவன் நல்லவன், ஒண்ணும் சொல்லல, வேலிய மட்டும் பாத்துட்டு நின்னான்."

பிறகு ஏன் போக நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சந்திப்பு முடிந்துவிட்டது என்பதால் அது வெறும் ஆவல்தான்.

"நான் போகலன்னா அந்தத் தெருவ டுவெய்ன்கிட்ட குடுப்பாங்க. அவன் எல்லார் வீட்டு வாசல்லயும் பனிய மலையா குவிச்சுட்டுப் போற பய. அந்தத் தெருவுல கிழங்கட்டைங்கதான் அதிகம். யார் வந்து வெட்டிப்போடுவா?"

இப்போது என் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்த மனிதர் மரத்துப்போன கையோடு பள்ளிக்கூட பஸ்களுக்கு மேலே செங்குத்துத் தெருவில் லாரி ஓட்டப் போகிறார் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் நானே எழுதிய விதிப்படி எனக்கு அது தெரியக் கூடாது. விடைபெறுதல் என்பது சொல்லா, செயலா? கிளம்பாமல் விடைபெற்றால் அது செல்லுமா? ஒரு முடிவுக்கு வந்தேன்: இறங்கி, முறைப்படி, சந்திப்பு மீண்டும் தொடங்குகிறது என்று அறிவிப்பது. கதவைத் திறந்து வலது காலை வைத்தேன். அங்கே பனிக்கட்டி இருந்தது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது வானம். விழும்போது ஐனார் என்னைப் பிடிக்கத் தாவினார். வலது கையைத்தான் நீட்ட நினைத்தார். அது வரவில்லை. நான் தரையில் கிடந்து பார்த்தேன்: அவர் என்னைப் பார்க்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது யாருடையதோ என்பது போல்.

மறுநாள் காலை ரஸ் ஹாக்லுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு பூச்செடியோடு வந்தார். நலம் விசாரித்தார். பரவாயில்லை என்றேன். தொடையைத் தட்டினார், எழுந்தார், கதவுவரை போனார், அங்கே நின்றுகொண்டு கேட்டார்.

"ஆமா ரோலண்ட், நீங்க விழுந்தது சந்திப்பு முடிஞ்ச பிறகா, முடியறதுக்கு முன்னாடியா?"

நல்ல கேள்வி, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். முடிந்த பிறகு என்றால், ஐனாருக்கு வலி ரெண்டு, நாளையே லாரியில் ஏறலாம், நானோ வேலை நேரத்தில் விழுந்தவன் அல்லன், யாரோ ஒருவர் வாசலில் வழுக்கிய வழிப்போக்கன். முடிவதற்கு முன் என்றால், கார்க் கண்ணாடிவரை எல்லாம் சந்திப்புதான், நான்காம் விதி முதல் நாளிலிருந்தே தப்பு, கோடை முழுதும் நான் குணப்படுத்திய அத்தனை பேருடைய வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும், தலையசைத்த அதே ஆணையர்கள் முன் போய் நிற்கவும் வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவே வாயைத் திறந்தேன். அந்தத் தொங்கிய கை கண்முன் வந்தது. முன்னாடி என்று சொல்லிவிட்டேன். ரஸ் பூச்செடியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆணையர்கள் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், இது வித்தியாசமாத்தான் இருக்கு என்றார். நம் ஊரில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. மார்லிஸும் மற்றவர்களும் இப்போது வீடு வீடாகப் போய்க் கேக் தின்கிறார்கள். மாவட்டம் முழுக்க வலி திரும்பி வந்துவிட்டது, அறிக்கைகள் ஒவ்வொன்றும் நாவல் கனத்துக்கு இருக்கின்றன, மனிதர்கள் உண்மையிலேயே குணமாக ஆரம்பித்திருக்கிறார்கள். ஐனாருக்கு நரம்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. தெரு கைவிட்டுப் போன கோபத்தில் அவர் எனக்குப் போன் செய்து, உங்கள நல்ல மனுசன்னு சொன்னாங்க, தப்பா சொல்லிட்டாங்க போல என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். அதற்கும் மார்லிஸ் வழி கண்டுபிடித்தார். கை சரியாகும்வரை ஐனார் அதே லாரியில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிறார், ஓட்டுகிறவன் டுவெய்ன். ஒவ்வொரு வாசல் வரும்போதும் "தகட்டத் தூக்கு, தூக்குடா" என்று கத்துகிறார். தெருவில் ஒரு வாசல் அடைபடவில்லை. டுவெய்ன், காது அடைத்துவிட்டது என்று இழப்பீட்டு மனுக் கொடுத்திருக்கிறான்.

என் பெயரிலும் ஒரு கோப்பு திறக்கப்பட்டு, மார்லிஸ் பொறுப்பில் இருக்கிறது. நேற்று வந்தார். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றேன். தொடையைத் தட்டினார், காப்பி குடித்தார், கோட்டு மாட்டினார், வாசலில் வெகுநேரம் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். குளிர் உள்ளே வருகிறது என்றேன். கடைசியில், "என்கிட்ட வேணாம், யார்கிட்டயாவது சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவருக்குச் சந்தேக குணம் அதிகம். இடது மணிக்கட்டு எலும்பில் ஒரு கீறல், அவ்வளவே. எழுதுவது வலது கை. ஆகவே நீங்கள் பயணச் செலவு செய்து, இந்தக் குளிரில் கிளம்பி வரத் தேவை எதுவும் இல்லை என்பதை இதன்மூலம் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ரோலண்ட்

பி.கு.: சில நேரம் இடுப்பும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

மறு பி.கு.: மாடி ஏற முடியவில்லை, சோபாவில்தான் படுக்கை. ரொட்டி மேல் அலமாரியில் இருக்கிறது, நான் கீழே இருக்கிறேன்.

இன்னொரு பி.கு.: உறை ஒட்டியாயிற்று, மறுபடி பிரித்து எழுதுகிறேன். குனிய வரல அக்கா. முந்தாநாள் தபால் எடுக்கப் போக எப்படியோ மாட்டின பூட்ஸ் இன்னும் காலிலேயே இருக்கு, அதோடதான் தூங்கறேன். சீக்கிரம் வாங்க.