பெல்பாட்டம் போட்ட தாய்மாமன்

அன்றைக்கு மலைமேல் எங்கள் குலசாமி கோயிலில் இருந்தவர்கள்: குடகில் காப்பித் தோட்டத்திலிருந்து வந்திருந்த என் அக்கா காசியம்மா, அவள் மகள் சுமதி, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர், அடிவாரத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்த நாவிதர், பங்காளிகள் ஒரு கூட்டம், ஒரு கிடா, அப்புறம் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்கா வீட்டுக்காரர். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் மேஸ்திரிக்கு லீவு கிடையாது. இன்னொருவர் எங்கள் அம்மா. அவள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேண்டிக்கொண்டவளே அவள்தான்.

சுமதி கைக்குழந்தையாய் இருந்தபோது குடகில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. இங்கே மலையில் அம்மா, “பொழச்சா மொத முடி உனக்குத்தான்” என்று சாமியிடம் சொல்லி வைத்தாள். பிள்ளை பிழைத்தது. அக்கா வருஷா வருஷம் “அடுத்த வருஷம் வர்றேன்” என்று சொல்லி அனுப்பினாள். அம்மா காத்திருந்தாள். முடி வளர்ந்தது. அம்மா இறந்த தந்தி கிடைத்து அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாமிக்கு நேர்ந்த முடி என்பதால் பிறந்ததிலிருந்து சுமதி தலையில் கத்தரியே பட்டதில்லை. பத்து வயதில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஜடை. எஸ்டேட் பள்ளியில் அவள் பெயரே ‘ஜடை சுமதி’யாம். அந்த ஜடையைத்தான் இறக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். அப்போது திருப்பத்தூரில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் பெயர் ‘மலையான்’. மலைக்கு வந்தால், சமவெளியில் படிக்கிறவன் என்பதால், ‘கீழ்நாட்டு வாத்தி’. (இரண்டு பெயர் இருந்தும் கூப்பிட ஆள் இல்லாத பிறவி.) உலகத்தில் எந்தச் சிக்கலையும் ஐந்து நிமிஷம் நிதானமாகப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்பிய வயது அது.

முந்தின நாள் பொழுது சாயும் நேரம். அடுப்படியில் அக்காவும் மகளும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“மொட்டையோட எப்பிடிம்மா ஸ்கூலுக்குப் போறது? எல்லாம் சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நீ இந்த மலைக்குப் பொறந்தவ. உங்க ஆயா வேண்டிக்கினதுடி.”

“அங்க இருந்தா, ‘நம்ம ஊர்ல இப்பிடி, நம்ம ஊர்ல அப்பிடி’ன்னு சாமைக்களிய வாயில திணிக்கிற. இங்க வந்தா, ‘எங்க எஸ்டேட்டுல இப்பிடி’ன்னு எல்லார்கிட்டயும் பெரும பேசற. நீ இன்னா ஊருன்னு மொதல்ல நீ முடிவு பண்ணிக்கோ. அப்பறம் என் முடியக் கேளு.”

அக்கா எரிந்துகொண்டிருந்த விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தாள்.

நான் விட்டிருக்கலாம். விடவில்லை. சுமதியைத் தனியாகக் கூப்பிட்டு, “பயப்படாத. கீழ கோயில்ல எல்லாம் ரெண்டு கொத்து வெட்டிக் குடுத்தாப் போதும், பூமுடின்னு சொல்லுவாங்க. நான் ஊர்க்கவுண்டர்கிட்டப் பேசறேன். உன் ஜடைக்கு நான் பொறுப்பு” என்றேன்.

“சத்தியமா மாமா?”

“வாத்தியார் பொய் சொல்லுவாரா?” (பயிற்சியே இன்னும் முடியவில்லை.)

அந்தச் சூடு ஆறுவதற்குள் அக்கா வந்தாள். “தம்பி, அவ துள்ளுவா. மடில கெட்டியாப் புடிச்சிக்கோ. அம்மாவுக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதான்டா.” கண் கலங்கியிருந்தது. “நான் பாத்துக்கறேன்க்கா” என்றேன். அதையும் நானேதான் சொன்னேன்.

மறுநாள் காலை நான் கோயிலுக்குப் போனது வெள்ளை பெல்பாட்டத்தில். திருப்பத்தூரில் தைத்தது. முழங்கால் வரை தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே பாவாடை. “வேட்டி கட்டுடா, உட்காரணுமே” என்று பெரியவர்கள் சொன்னார்கள். பேசப் போகிறவனுக்குத் தோற்றம் முக்கியம் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்க்கவுண்டர் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், எங்களுக்குத் தாய்மாமன். யாரையும் கேட்காமல் அக்கா ஒரு கீழ்நாட்டு மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு போன நாள் முதல் அவளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதைக் கட்டியிருந்த கிடாவைப் பார்த்துச் சொல்லுவார். “நேரம் ஆவுது. பொண்ண மாமன் மடில உக்கார வெக்கச் சொல்லு” என்று கிடாவிடம் உத்தரவு போட்டார்.

முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்காக ஏற்பட்ட வழக்கம் அது. பத்து வயதுப் பெண், கூடவே எஸ்டேட் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர், ஊர்ப்பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சிரித்த சிவப்புக் கம்பளிக் குல்லாய். விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த என் தொடைகள் நடுங்கின. பெல்பாட்டம் எங்கோ ஒரு முனகல் விட்டது.

குல்லாயைக் கழற்றினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டினார். சுமதி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“மாமா, சொல்லு.”

நான் ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷப் பேச்சு எனக்குத் தலைகீழாகத் தெரியும். வந்தது இவ்வளவுதான்:

“அது வந்துங்க மாமா...”

“இன்னாடா?”

“ஒண்ணும் இல்லீங்க மாமா.”

ஒருத்தர் நம்பிக்கை போவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சுமதி என் கையைக் கடித்தாள். கடித்த வேகத்தில் எழுந்து பாய்ந்தாள். நான் பிடிக்க எழுந்தேன். பெல்பாட்டம் பின்பக்கம் மேலிருந்து கீழாகக் கிழிந்தது. அதை மறைக்கப் பின்னால் கை வைத்தவன் நிலை தடுமாறி, பொங்கி இறக்கி வைத்திருந்த சாமைப் பொங்கல் பானைமேல் போய் விழுந்தேன். பானை உருண்டது. கிடா மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடியது. (அன்று நினைத்தது நடந்தது அதற்கு மட்டும்தான்.)

யாரும் சிரிக்கவில்லை. சாமிப் பொங்கல் மண்ணில் கிடந்தால் யார் சிரிப்பார்கள்? ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். “சாமி வேணாம்னுடுச்சி. அந்தப் பொண்ணு நம்ம வூட்டுது இல்ல. அவ்ளோதான், கெளம்புங்க.”

அப்போது அக்கா கொண்டையை அவிழ்த்தாள்.

“வேண்டிக்கினது எங்கம்மா. அவளுக்கு ஆயா, எனக்குத்தான் அம்மா. வராம ஏமாத்தினது நானு. என் தலைல எடுங்க.”

ஊர்க்கவுண்டர் பழக்கத்தில் கிடா நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே அறுந்த கயிறுதான் கிடந்தது. பிறகு பொதுவாக, “அதுக்குத் தாய்மாமன் மடி வோணும்” என்றார்.

“இருக்குதே” என்றாள் அக்கா. நேராக அவர் முன்னால் போய் நின்றாள். “மாமா, மடி குடு.”

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை மடக்கினார். முப்பது வயது தாண்டிய என் அக்கா, நரைத்த மாமன் மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்தாள். கத்தி ஓடத் தொடங்கியதும் அவள் தோள் குலுங்கியது.

“காசி, ஆடாத. கத்தி பட்டுரும்” என்றார் அவர். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசியது அதுதான்.

புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுமதி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முடிந்ததும் தன் சிவப்புக் குல்லாயை எடுத்து அம்மா தலையில் காது மறைய இழுத்து விட்டாள். “குளிரும்மா” என்றாள். கடைசிவரை அக்காவின் கையை அவள் விடவில்லை. என்னை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலைக் கொட்டியதற்கு ஊர்க்கவுண்டர் எனக்கு ஐந்து ரூபாய் தெண்டம் போட்டார். என் பையில் பஸ் காசுதான் இருந்தது. ரிப்பன் வாங்கத் தன் அப்பா கொடுத்த பணத்திலிருந்து சுமதிதான் கட்டினாள்.

மறுநாள் திருப்பத்தூரில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். சிவப்புக் குல்லாய் ஜன்னலில் சின்னதாகிக்கொண்டே போனது. விடுதிக்குப் போய் பெல்பாட்டத்தை நானே தைத்தேன். அங்கே சொன்னால் மலையானின் கதையாகிவிடும். மலையில் சொன்னால் வாத்தியின் கதை. யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கொஞ்சம் சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

இப்போது மலையிலேயே ஓராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருஷம் ஒருமுறை அக்காவும் சுமதியும் வருகிறார்கள். எந்த ஊர் என்ற சண்டை பஸ்ஸில் வரும்போதே தொடங்கிவிடும் போல. வாசலில் நுழையும்போதும் ஓயாது. அதை நிறுத்திவிட்டுச் சுமதி முதலில் கேட்பது, “மடி காலியாத்தான் இருக்குதா மாமா?” ஊர்க்கவுண்டர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

அந்த ஐந்து ரூபாயை எத்தனையோ முறை நீட்டிவிட்டேன். வாங்க மாட்டேன் என்கிறாள். “கெடக்கட்டும் மாமா. அத வாங்கிட்டா, அப்பறம் இன்னா சொல்லிக்கினு இங்க வர்றது?”

ஆக, எங்களுக்கு ஆன செலவு: ஒரு பெல்பாட்டம், ஒரு பானைச் சாமைப் பொங்கல், அக்காவின் தலைமுடி, ரூபாய் ஐந்து. ஐந்து மட்டும் பாக்கி.