வாய் கட்ட ஒரு காந்தம்

அன்பர்களே, புகைப்பதை விடுவதென்று நான் உறுதி பூண்டேன். அதுவும் அறிவியல் முறையில்.

முத்துக்குளித்த குடியில் பிறந்த எனக்கு, துறைமுக அலுவலக மாடியேறுவதற்குள் மூச்சு முட்டியது. மருத்துவர் உமாராணியிடம் சென்றேன். ஊசியில்லை, கத்தியில்லை. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து, மூளைக்குள் புகையாசை குடியிருக்கும் இடத்தைத் தட்டுவார்களாம்.

"உங்களுக்கு எப்பல்லாம் சிகரெட் கேக்கும்?" என்றார்.

இங்கேதான் என் மதிநுட்பம் விழித்தது. எம் முன்னோர் கடலில் குதிக்குமுன், சுறாவின் வாயைக் கட்டக் கடல்கட்டி என்னும் மந்திரக்காரரை அமர்த்துவார்கள். எனக்குரிய கடல்கட்டி வெள்ளை அங்கியோடு எதிரிலேயே அமர்ந்திருந்தார்.

"எம் பொஞ்சாதி ஏசும்போதுதான், டாக்டர். வேற எப்பவும் கேக்காது."

'கணவரை ஏசக் கூடாது' என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். புகையும் போகும், வீட்டில் அமைதியும் பிறக்கும்.

மருத்துவர் என் மனைவி டெல்பினை வரவழைத்தார். ஆசையைக் கிளப்பிவிட்டுத்தான் காந்தத்தால் தட்ட வேண்டும். உறங்கிக் கிடக்கும் ஆசையைத் தட்டிப் பயனில்லை என்று விளக்கினார். மற்றவர்களுக்குச் சிகரெட் படம் காட்டுவார்களாம். எனக்கு மட்டும் டெல்பின் ஏச வேண்டுமாம்.

டெல்பின் முந்தானையைத் திருகினாள். "எனக்கு ஏசவே வராதே டாக்டர். அவியள நான் ஒரு சொல் சொன்னதில்ல."

சிகிச்சைக்காக முயலும்படி மருத்துவர் வேண்டினார். முயன்றாள்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுதீய. கடற்கரையில பொறந்துட்டு, சீலா மீனுக்கும் ஊளி மீனுக்கும் வித்தியாசம் தெரியாம வாங்கிட்டு வாரீய. எந்தம்பி கல்யாணத்துல, பூசை நேரத்துல கொறட்ட விட்டது யாரு?"

செவிலியர் சன்னலைச் சாத்தினார். என் தலையோ கருவிக்குள் இறுகியிருந்தது, எழுந்தோட வழியில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்திய பிறகே காந்தம் தட்டத் தொடங்கியது. அந்த ஓசை எனக்குத் தாலாட்டாக இருந்தது. ஒவ்வொரு அமர்விலும் இதே கதை.

சிகிச்சை முடிந்தது. மெய்யாகவே சிகரெட் நினைவு அற்றுப்போனது. அன்பர்களே, நீங்களும் துணிந்து செல்லுங்கள். நெஞ்சு நிமிர்த்தி வீட்டில் அமர்ந்தேன்.

"இனி ஏச வேண்டாம், டெல்பின். எல்லாம் சரியாயிட்டு."

"சரியாயிட்டான்னு எப்படித் தெரியும்? நான் ஏசி, நீங்க சிகரெட் கேக்காம இருந்தாத்தான சரியாயிட்டுன்னு அர்த்தம்? டாக்டர்ட்ட கேட்டுட்டேன். நல்ல யோசனைன்னாங்க."

அன்றுமுதல் காலையும் மாலையும் நான் குணமாகிக்கொண்டே இருக்கிறேன்.