ஒன்பது மாடிப் பிரசாரம்

நடுக்கடலில் நலமாக இருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, தரையில் மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருக்கும் உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே தங்கச்சி, உங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், நான், என் லிஃப்ட் எல்லோரும் சுகம். லிஃப்ட் மட்டும் நடுவில் இருபத்தைந்து நிமிடம் சுகமில்லாமல் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். கப்பல் சமையலறையில் நிற்கும்போது வரும் தலைசுற்றல் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

வார்டு தேர்தலில் தங்கச்சி பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததை அவளே போனில் சொல்லியிருப்பாள். அது தலைப்புச் செய்தி. விரிவான செய்தி நான். கப்பலேறும் அன்று நீங்கள் என்னைத் தனியாக அழைத்துப் போய், "மச்சான், நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாலே போதும், அவ ஜெயிச்சிடுவா" என்றீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி வேறு. நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர, சொன்னபடி இருக்கவில்லை. இருந்திருந்தால் இந்நேரம் நம் தெருத் தாய்சேய் நிலையத்தை இடித்துக் கார் நிறுத்தக் கோடு போட்டிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அங்கே நர்ஸாக நின்ற தங்கச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

மாப்பிள்ளை, மேடை போட்டுப் பேசுகிறவனுக்குக் கூட்டம் சேர வேண்டும். லிஃப்ட் ஓட்டுகிற எனக்கு அந்தக் கவலை இல்லை. கதவைச் சாத்தினால் எட்டுப் பேர் என் கையில், எழுந்துபோக முடியாது. ஒன்பதாவது மாடிக்கு ஐம்பத்திரண்டு விநாடி. அதை மூன்றாக வகுத்தேன். மூன்றாவது மாடி வரை நிலையத்தின் அவலம்: கூரை ஒழுகுகிறது, கட்டில் உடைந்திருக்கிறது, மருந்து அலமாரியில் பல்லி குடியிருக்கிறது. ஆறாவது மாடி வரை அதற்கு யார் காரணம்: இடிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நாலு வருஷமாகக் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்றாத கவுன்சிலர். ஒன்பதாவது மாடி வரை அதற்கு மருந்து: நம் தங்கச்சி, அவளுடைய சீப்புச் சின்னம். வழுக்கைத் தலையன் சீப்புக்கு ஓட்டுக் கேட்கிறானே என்று சிலர் சிரித்தார்கள். "எனக்காகக் கேக்கலை சார், உங்களுக்காகத்தான் கேக்கறேன்" என்றேன். தலையாட்டியவர்களைச் சட்டைப்பை நோட்டில் கோடு போட்டு வைத்தேன். ஏழாவது மாடிப் பல் டாக்டரிடம் போகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால் எதிர்த்துப் பேசுவதே இல்லை, அவர்களுக்கும் ஒரு கோடு போட்டேன். தூக்கத்தில் தலையாட்டிய ஒருவரை மட்டும் மனசாட்சிக்குப் பயந்து நோட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

இப்படிச் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மூன்றாம் மாடி கிளார்க் தலையில் கல்லைப் போட்டார். பத்து நாளாகத் தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிற மனிதர். ஒருநாள் கதவு திறக்கும்போது திரும்பி, "நீங்க சொல்றதைக் கேட்டா அந்த இடத்தை இடிக்கிறதுதான் சரின்னு தோணுது. கூரை ஒழுகுது, பல்லி குடியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கவுன்சிலர் சொல்றதும் அதேதானாமே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் மாடியோடு இறங்குகிற அத்தனை பேருக்கும் நான் நோயை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், மருந்து ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. பத்து நாளாகக் கவுன்சிலருக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளை. அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தங்கச்சி "என்னண்ணே?" என்று கேட்டாள். பல்வலி என்று சொன்னேன்.

மறுநாள் கிளார்க்கை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அவரோடு பல் டாக்டரும், கன்னம் வீங்கிய ஒரு அம்மாளும், பின்மூலையில் வாளியும் துடைப்பமுமாகத் துப்புரவுக்காரப் பெண்ணும் இருந்தார்கள். மூன்றாவது மாடி வந்தது. நான் நிறுத்தவில்லை. "என் மாடி போயிடுச்சே" என்றார் கிளார்க். "மீதிப் பேச்சு மேலதான் சார் இருக்கு" என்று சொல்லி, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், ஒரே ஒரு நிமிடத்துக்காக, நிறுத்தும் பிடியை இழுத்தேன். முப்பது வருஷம் பழகிய லிஃப்ட் அன்று பார்த்து உண்மையாகவே நின்றுவிட்டது. பிடியைத் தள்ளினேன், தட்டினேன், அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வீங்கிய கன்னம் முனகியது. பேசப் போதிய நேரம் இல்லையே என்று இத்தனை நாள் ஏங்கியவனுக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் விடுவேனா? ஆதியோடந்தமாகப் பேசினேன். கிளார்க்கும் விடவில்லை. "நர்ஸ் வேற, நிர்வாகம் வேற. உங்க தங்கச்சிங்கிறதுக்காகச் சொல்றீங்க" என்றார். அப்போது பின்மூலையிலிருந்து அந்தப் பெண், "என் பையனுக்கு ஜன்னி கண்ட அன்னிக்கு, கொட்டற மழையில அந்த நர்ஸம்மாதான் வீடு தேடி வந்து" என்று ஆரம்பித்தாள். காரியம் கெட்டுவிடப் போகிறதே என்று, "நீ கொஞ்சம் சும்மா இரும்மா, நாங்க முக்கியமான விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்" என்று அடக்கினேன். அவளும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது கிளார்க், "சரி சரி, ஒத்துக்கறேன், ஆளை விடுங்க" என்றார். அவருக்கு மட்டும் நோட்டில் இரண்டு கோடு.

கட்டட மேனேஜர் கூப்பிட்டு, இனி லிஃப்டில் மாடி எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்குள் நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு கோடு சேர்ந்துவிட்டது. இத்தனை பேர் தலையாட்டியும் பதினான்குதானே வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஓட்டில் தோற்றிருப்பாள் என்பதுதான் அதன் பொருள். வெற்றிச் சான்றிதழோடு அவள் படியிறங்கி வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டன் அமுக்குகிறவன் என்று சொந்தத்தில் பலர் என்னைச் சொல்வதுண்டு. ஆமாம், அமுக்கினேன். சரியான பட்டனை அமுக்கினேன். இதை உங்கள் கப்பல் தோழர்களுக்கும் படித்துக் காட்டவும்.

கடல் அடங்கியிருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், போன உடம்பு போனபடி திரும்பி வரட்டும். பிள்ளைகள் இருவரும் அப்பாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
வாயைத் திறந்ததில் வருத்தமே இல்லாத
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பெருமையாகக் கிளார்க்கிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, எனக்கு ஓட்டு ஆத்துக்கு அந்தப் பக்கமாச்சே" என்றார். பகீர் என்றது. இரண்டு நாளாக ஏறுகிறவர்களிடமெல்லாம் எந்த வார்டு என்று மட்டும் கேட்டேன். டாக்டர் வேறு ஊர். வீங்கிய கன்னம் வேறு வார்டு. நம் கட்டடமே பெரிய சாலைக்கு அந்தப்புறம், வேறு வார்டில் இருக்கிறதாம். பிரசாரம் செய்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நான் கடைசியில் கேட்டிருக்கிறேன். ஒரு கோடுகூடத் தேறவில்லை.

நோட்டைக் கிழிக்கப் போனபோது பின்மூலையிலிருந்து அந்தத் துப்புரவுக்காரப் பெண், "இங்க கூட்டித் துடைக்கிற நாங்க ஆறு பேரும் உங்க வார்டுதாங்க. நர்ஸம்மா நிக்கிறாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. நீங்க பேசினதைக் கேட்டுத்தான் தெரியும். நாள் பூரா மேல கீழ போறோமே, எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். வீடு வீடாப் போய்ச் சொன்னோம்" என்றாள். ஒரு கோடுகூடப் போடாமல், வாளியை ஓரமாக வை என்று மட்டும் நான் சொல்லி வந்த ஆறு பேர், மாப்பிள்ளை. நோட்டை மடக்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.

கதவைச் சாத்தி, "அன்னிக்கு உன் பையனைப் பத்திச் சொல்ல வந்தியே, சொல்லும்மா" என்றேன். ஒன்பதாவது மாடி வரை சொன்னாள். கதை முடியவில்லை. கீழே வந்து, மறுபடியும் மேலே போனோம். நீங்கள் கேட்டுக்கொண்டபடியே, நான் வாயைத் திறக்கவில்லை.