எந்த யானைக்குத் தண்ணீர் ஊற்றுவது?

சகாயிங்
கசோன் மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள்

மதிப்பிற்குரிய அக்கா டோ மியா செய்ன் அவர்களுக்கு,

மும்மணிகளின் நிழலில் நீங்களும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு, மோல்மேன் இருக்கும் திசை பார்த்து மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கி, உங்கள் தம்பி எழுதிக்கொள்வது. மூன்றாவது வணக்கத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க வழியில்லாமல் அந்த நிலையிலேயே பாதிக் கடிதத்தை மனதுக்குள் எழுதிவிட்டேன்.

என் வீட்டுக்காரி கைங் தின்னுக்கு இடது கண் போன வருடமே போய்விட்டது உங்களுக்குத் தெரியும். மிச்சமிருக்கும் வலது கண்ணை இன்னும் பன்னிரண்டு நாளில் மண்டலே ஆஸ்பத்திரியில் அறுக்கப் போகிறார்கள். அதுவரை இங்கே பிக்குணிகள் மடத்துச் சத்திரத்தில் தங்கி, விரதம் இருந்து, கோயிலைச் சுற்றலாம் என்று வந்தோம். அமைதியான ஊர். இங்கே சத்தம் போடுவது மணியும் நாயும் நானும்தான் என்று மடத்துத் தலைவியம்மா சொல்கிறார்.

நான் சத்தம் போட்டதற்குக் காரணம் நீங்கள்தான் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் அம்மாவின் தகரப்பெட்டியை அனுப்பினீர்களே, அதன் அடியில் என் ஜாதக ஓலை இருந்தது. கரையான் தின்றுவிட்டது என்று அம்மா என் கல்யாணத்தின்போது ஊரெல்லாம் சொன்ன அதே ஓலை, ஒரு ஓட்டைகூட இல்லாமல். கண் விஷயத்துக்கு நல்ல நேரம் பார்க்கலாமே என்று அதை எடுத்துவந்து, கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஜோசியரிடம் நீட்டினேன். அவர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதன், சாயங்காலம். நீங்க ராகு" என்றார்.

"இல்லீங்க, நான் காலை" என்றேன்.

"உங்களுக்குப் பிறந்தப்ப நினைவு இருந்துச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் பூ விற்றவள் வரைக்கும் சிரித்தார்கள்.

கோயிலைச் சுற்றித் திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி என்று கிழமைக்கொரு மிருகம் வைத்து, வாரத்தின் மற்ற ஆறு நாளையும் முழுசாக விட்ட நம் முன்னோர்கள் புதன்கிழமையை மட்டும் ஏன் நடுப்பகலில் இரண்டாக வெட்டினார்கள்? காலையில் பிறந்தவன் தெற்கே தந்தமுள்ள யானை இருக்கும் இடத்தில் புத்தருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உச்சிப் பொழுதுக்குப் பிறகு பிறந்தவன் ராகு, அவன் வடமேற்கே தந்தமில்லாத யானையிடம் போக வேண்டும். நான் அறுபத்து மூன்று வருடமாகத் தெற்கே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் கைங் தின் இடது கண்ணை அறுத்தபோது, ஒரு மாதம் தினமும் போய், வயதுக்கு ஒன்றும் மேலே ஒன்றுமாகக் குவளை குவளையாக ஊற்றி, அந்தக் கண்ணைக் கேட்டேன். கண் போய்விட்டது. நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேனா, அக்கா? இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. விரதத்தில் உச்சிக்குப் பிறகு சோறே கிடையாது என்பது வேறு விஷயம்.

சரி, இரண்டு இடத்திலும் ஊற்றிவிட்டால் ஒன்றாவது பலிக்கும் என்று நேற்று மதியம் தெற்கே அறுபத்து நான்கு குவளை ஊற்றிவிட்டு வடமேற்குக்குக் கிளம்பினேன். சலவைக்கல் தரை தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது, செருப்பு போடக்கூடாது, எனவே ஓடினேன், ஓடியதில் லுங்கி முடிச்சு அவிழ்ந்தது, அதைப் பிடிக்கப் போய், மேற்கே வியாழக்கிழமைக்காரர்களின் எலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தேன். அவர்கள் பூச்சாடி உடைந்தது. எதிரே வந்த பிக்குணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தூபியின் உச்சியைப் பார்த்தார்கள். அப்படியும் விடாமல் ராகு மூலைக்குப் போய் நாற்பதாவது குவளையில் இருக்கும்போது கோயில் காவலர் வந்துவிட்டார்.

"பெரியவரே, இப்பத்தானே அந்தப் பக்கம் ஊத்துனீங்க? ஒரே ஆளு ரெண்டு தடவை பொறந்தீங்களா?"

"அதாங்க எனக்கே தெரியல" என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. தொட்டில தண்ணி இல்ல. நெசமான ராகுக்காரங்க பின்னாடி நிக்கிறாங்க."

பிறந்த கிழமைக்கும் பொழுதுக்கும் ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பதுதான் வழக்கம், ஆனால் என் பெயரை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அப்பா கிழமை பார்க்காமல் மரமில் முதலாளியின் பெயரை எனக்கு வைத்துவிட்டார். நான் பிறந்தபோது உங்களுக்கு ஒன்பது வயது. வீட்டில் யார் இருந்தார்கள், மருத்துவச்சி சாப்பிட்டுவிட்டு வந்தாளா சாப்பிடாமல் வந்தாளா, நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்களா, எதையாவது யோசித்துச் சொல்லுங்கள். காலையா மாலையா, ஒரே ஒரு வார்த்தை, தந்தியாக அடித்துவிடுங்கள். கைங் தின்னிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு கண்ணும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்பதைவிட நான் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். இங்கே நான் சேர்த்த புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு தருகிறேன். தவறான இடத்தில் சேர்த்தது செல்லாது என்றால் மன்னியுங்கள். செல்லும் என்றால், பங்கை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று முறை 'சாது' சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள தம்பி,
மௌங் ஓன் லுவின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கைங் தின் வந்து, "அண்ணிக்கு என்ன எழுதுனீங்க, படிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணைப் பற்றி மட்டும் படிக்கலாம் என்று ஆரம்பித்தேன். எனக்குப் பொய் படிக்க வராது, முழுசாகப் படித்துவிட்டேன். அவள் பயப்படவில்லை. லுங்கி இடத்தில் மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சாயங்காலந்தாங்க. ராகுன்னா பொண்ணு கெடைக்காதுன்னு பொறந்ததுலேருந்தே காலைன்னு சொல்லி வளத்ததை, அத்தை கல்யாணத்துக்கு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைப் பொண்ணை ராகுவுக்குக் குடுக்க மாட்டேன்னு எங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாரு. அதான் ஓலையக் கரையான் தின்னுடுச்சு. உங்களுக்குச் சொன்னா ஊருக்கே சொல்லிடுவீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"அப்ப இத்தனை வருஷமா அந்த ராகு யானைக்கிட்ட எனக்கு யாரு ஊத்துனது?"

"நாந்தான். புலிக்கிட்ட எனக்கு ஊத்திட்டு, அப்புறம் உங்க யானைக்கிட்ட போவேன். கோயிலுக்குப் போனா இவ்வளவு நேரமான்னு திட்டுவீங்களே."

முப்பத்தெட்டு வருடம், அக்கா. "புலிக்கிட்ட உன் கண்ணைக் கேட்டியா?" என்றேன்.

"இல்ல. அதுக்குத்தான் நீங்க கேக்குறீங்களேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

தந்தி வேண்டாம். வெயில் தாழட்டும் என்று அவள் சொல்கிறாள், நான் இப்போதே வடமேற்கு மூலைக்குக் கிளம்புகிறேன்.