லென்ஸுக்கு வைத்த பொட்டு

மெஷினிடம் பக்தி காட்டலாம், தப்பில்லை. அதன் உடம்பில் எந்த இடத்தில் காட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நீங்களும் கேட்டுவிடுங்கள்.

செஞ்சிக்கு வெளியே, இரும்புத் தண்டுகளைக் கடைந்து பாலிஷ் போடும் சின்னக் கம்பெனி. தரம் பார்க்கும் பிரிவில் நான் டிரெய்னி. தண்டின் வழவழப்பை ஒளியால் அளக்கும் கருவி புதிதாக வந்திருந்தது. ஒளியைப் பாய்ச்சும்; வழவழப்பான பரப்பில் அது ஒழுங்காகத் திரும்பி வரும், சொரசொரப்பானதில் சிதறும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆயுத பூஜை முடிந்த கையோடு வாடிக்கையாளர் வருகிறார், சரக்கு தேறினால் உன் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பூஜையன்று லேத்துக்கும் கம்ப்ரஸருக்கும் பொட்டு வைத்த நான், என் கருவியை மட்டும் மூளியாக விடுவேனா? அதற்கு நெற்றி எது என்று தேடினேன். லென்ஸ்தான் தோதாக இருந்தது. குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். (போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.)

அவசர ஆர்டர் என்பதால் விஜயதசமியன்றும் வேலை. காய்ந்த பொட்டைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு அளந்தேன். அத்தனை தண்டும் சொரசொரப்பு என்றது கருவி. செஞ்சி மலைப் பாறையை வைத்திருந்தால்கூட நல்ல மார்க் வாங்கியிருக்கும்.

"இன்னாம்மா இது, தண்டுல மூஞ்சி தெரியுது பாரு!" என்றார் சூப்பர்வைசர் ஏழுமலை.

"மெஷின் பொய் சொல்லாதுண்ணா. திரும்ப பாலிஷ் போடுங்க."

போட்டார்கள். அளந்தேன். மறுபடியும் போடச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தண்டுகளும் இளைத்தன, போட்டவர்களும் இளைத்தார்கள்.

மறுநாள் வாடிக்கையாளர் கருவியின் மேல் குனிந்தவர், முகர்ந்து பார்த்தார்.

"சந்தன வாசன வருதே?"

லென்ஸை அவரே முறைப்படி சுத்தம் செய்தார். மங்கலாகப் படிந்திருந்த சந்தனம் போனதும், வழவழப்பில் எல்லாத் தண்டும் பாஸ். திரும்பத் திரும்பத் தேய்த்ததில் குறுக்களவில் எல்லாமே பெயில். மொத்த சரக்கும் காயலான் கடைக்குப் போனது.

"இன்னும் ஒரு வருஷம் டிரெய்னியாவே இரும்மா" என்றார் முதலாளி.

இப்போது வேறு கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டேன். வீட்டில்தான் அந்தக் கதையை விடமாட்டேன் என்கிறார்கள். பூஜைக்குச் சந்தனம் குழைக்க உட்கார்ந்தாலே நைனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

"இன்னா நைனா?"

"நீ பாட்டுக்கு இதுக்கும் பொட்டு வெச்சிடுவ. அப்பறம் உங்கம்மா மூஞ்சி சொரசொரன்னு தெரியும். பாலிஷ் போட நான் எங்க போவேன்?"